தேரி மண்ணும் பொக்ரான் மணலும்: ‘சக்தி’ என்னும் சொல்லாடல் பற்றிச் சில குறிப்புகள்

1

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவந்தால் வேன்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. மீஞ்சூர்ப் பக்கம் மேலூரில் திருவுடையம்மன், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்றும் இவர்களைச் சொல்வதுண்டு. இது பழகிப்போன வழக்கம். புதிதாக வந்து சேர்ந்திருப்பது ஒரு சொல்: எனர்ஜி. ‘அந்த எடத்துல எனர்ஜி இருக்குங்க, போய் நின்னாலே தெரியும்’ என்று ஷேர் ஆட்டோவில் சொல்கிறார்கள், தொழிற்பேட்டை டீக்கடையில் சொல்கிறார்கள், யோகா வகுப்பு முடிந்து படியிறங்கும்போதும் சொல்கிறார்கள்.

சக்தி, எனர்ஜி இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. சக்திக்கு முகம் உண்டு. அவள் கோபிப்பாள், கேட்பாள், கனவில் வந்து நேர்த்திக்கடனை நினைவூட்டுவாள், யார் மேலாவது இறங்கிப் பேசவும் செய்வாள். எனர்ஜிக்கு முகமும் கிடையாது, வாயும் கிடையாது. ஆகவே அதற்கு யாரும் கடன்பட வேண்டியதில்லை. போய் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

இந்தச் சொல் இப்போது மணல்வெளி வரை போயிருக்கிறது. மலை, குகை, சமாதி என்றிருந்த ‘ஆற்றல் தலங்களின்’ பட்டியலில் பாலைவனங்களும் சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டுக்குள்ளேயே ‘செம்மண் பாலைவனம்’ என்று படம் பிடித்துக் காட்டப்படும் இடம் ஒன்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் செக்கச் செவேலென்று மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் தேரிக்காடு. தென்மேற்குக் காற்று காலங்காலமாய் வாரிக் குவித்த மணல் அது. மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அதன் சிவப்பு. மழைக்கணக்குப் பார்த்தால் அதை முழுப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் மணல் நகரும், கால் புதையும், உச்சி வெயிலில் பாதம் பொத்துப்போகும். பனையும் உடைமரமும் கொல்லாமரமும்தான் அங்கே வாழ்க்கை.

அங்கே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை மாதத் திருவிழாவின் முடிவில் கள்ளர் வெட்டு நடக்கும். கள்ளனாகப் பாவிக்கப்படும் இளநீரைத் தேரி மணலில் வைத்து வெட்டுவார்கள். தண்ணீர் சிந்திய மண்ணை அள்ளக் கூட்டம் முண்டும். அந்த மண் வீட்டுக்குப் போகும், வயலுக்குப் போகும், கடைக்குப் போகும். மேலப்புதுக்குடியில் மணலுக்கு நடுவே ஒரு சுனை, அதைக் காத்துக்கொண்டு ஒரு அய்யனார். சொக்கன்குடியிருப்பில் மணலுக்குள் புதைந்து கிடந்து கிடைத்ததாக நம்பப்படும் அதிசய மணல் மாதா கோயில். மண் இங்கே இரண்டு மதங்களுக்கும் பொது.

அம்பத்தூரிலோ திருமுல்லைவாயிலிலோ ஒரு அண்ணாச்சி கடையில் கல்லாவுக்கு மேலே சாமி படத்தின் கீழ் சின்ன டப்பாவில் செம்மண் இருந்தால் அது அனேகமாக அங்கிருந்து வந்ததாக இருக்கும். கள்ளர் வெட்டுக்குப் போக முடியாதவர்கள் பங்குனி உத்திரத்துக்காவது அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். கோயம்பேட்டில் பஸ் ஏறிய காலம் போய், 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தென்மாவட்டங்களுக்குக் கிளாம்பாக்கம் போய் ஏற வேண்டும். ஆவடிக்காரருக்கு அதுவே பாதிப் பயணம். அதற்கப்புறம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இவ்வளவு தூரம் போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள்? ‘எனர்ஜி’ என்ற சொல் இந்தப் பயணத்தை விளக்குகிறதா, அல்லது விழுங்குகிறதா? இதுதான் நம் கேள்வி.

2

இந்த வழிபாட்டை வெளியிலிருந்து மூன்று முறை மொழிபெயர்த்திருக்கிறார்கள். முதலாவது, பேய். 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறி மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் அவர்கள் கும்பிட்டதைப் பேய் வணக்கம் என்று வகைப்படுத்தியது. அந்த நூல் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அம்மக்கள் பின்னாளில் கடுமையாக எதிர்த்தது வரலாறு.

இரண்டாவது, மூடநம்பிக்கை. பகுத்தறிவு இயக்கம் எழுப்பிய கேள்விகளை ஒதுக்கிவிட்டு இங்கே கோயிலைப் பற்றிப் பேசுவது நாணயமாகாது. யார் பூசை செய்கிறான், யார் வாசலோடு நிறுத்தப்படுகிறான், காசு எங்கே போகிறது என்ற கேள்விகள் இன்றும் செல்லுபடியாகும். ஆனால் கருவறைச் சிலையைப் பார்த்துக் கேட்ட கேள்வியையே அது மண்ணைப் பார்த்தும் கேட்டது. உள்ளே ஏதாவது இருக்கா? இல்லை. அப்ப விஷயம் முடிஞ்சுது.

மூன்றாவதுதான் எனர்ஜி. இது முந்தைய இரண்டைப் போல வசைபாடுவதில்லை, கட்டித் தழுவிக்கொள்கிறது. ‘நம்ம முன்னோர்கள் முட்டாள் இல்லை, அந்த மண்ணுல ஏதோ அதிர்வு இருக்குன்னு தெரிஞ்சுதான் கோயில் வச்சாங்க’ என்கிறது. படித்த நடுத்தர வர்க்கத்துக்கு இது பெரிய ஆறுதல். கும்பிடவும் செய்யலாம், விஞ்ஞானத்தையும் விட வேண்டாம்.

மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரிபோலத் தெரிந்தாலும் மூன்றுமே ஒரே கேள்விக்கான விடைகள். மண்ணுக்குள் என்ன இருக்கிறது? பேய் இருக்கிறது, ஒன்றுமில்லை, எனர்ஜி இருக்கிறது. போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர்கள் பேச்சு வேறு. வரி குடுத்தாச்சா, இந்த வருசம் பொங்கலுக்கு யார் யார் வாராங்க, பம்பாய்க்காரன் வாரானா, கெடா யாரு பொறுப்பு? ‘எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் வருகிற பதிலும் இதே வகைதான்: ‘நமக்கு அங்க பாத்தியதை இருக்குல்லா தம்பி. வருசத்துக்கு ஒருக்க தலையக் காட்டாம இருக்க முடியுமா?’

பாத்தியதை என்ற இந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் வரும் சொல் அது. உரிமையையும் குறிக்கும், பொறுப்பையும் குறிக்கும். வரி கட்டியவனுக்குப் பாத்தியதை உண்டு, பாத்தியதை உள்ளவன் வரி கட்டியாக வேண்டும். இங்கே மண்ணின் மகிமை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பொருளாக இல்லை. மண்ணுக்கும் ஆளுக்கும், ஆளுக்கும் ஆளுக்கும் இடையே ஓடும் கொடுக்கல் வாங்கலாக இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் அறுந்தால் மகிமையும் அறும். ‘எனர்ஜி’ இந்தக் கணக்கைத்தான் அழிக்கிறது. கணக்கு அழிந்த பிறகு மிஞ்சுவது, யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் போய் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய ஒரு இருப்பு.

3

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா என்ற ஊர். செம்பாறைப் பாலைநிலம். அங்கே பூமியிலிருந்து ஆற்றல் சுழன்று எழும் ‘வோர்டெக்ஸ்’ மையங்கள் இருப்பதாக, ஆவிகளுடன் தொடர்பு உண்டென்று சொல்லிக்கொண்ட பேஜ் பிரையன்ட் என்ற பெண்மணி 1980களில் பிரபலப்படுத்தினார். 1987 ஆகஸ்டில் உலக ஆற்றல்கள் ஒருங்கிணையும் நாள் என்று சொல்லி அங்கே பெருங்கூட்டம் கூடியது. இன்று அந்த ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு சுற்றுலா.

அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். 1875 பிப்ரவரியில் யவபாய், அப்பாச்சி மக்கள் சுமார் 1,500 பேரை அமெரிக்கப் பட்டாளம் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கிளப்பி, ஏறக்குறைய 180 மைல் நடத்திக்கொண்டுபோய் சான் கார்லோசில் அடைத்தது. குளிர்காலம். வழியிலேயே பலர் செத்தார்கள். பாறைகளோடு பாத்தியதை கொண்டாடியவர்களை அப்புறப்படுத்தி ஒரு நூற்றாண்டு ஆன பிறகு, அந்தப் பாறைகளில் ‘எனர்ஜி’ கண்டுபிடிக்கப்படுகிறது. ஆளில்லாத இடத்தில்தான் எனர்ஜி ஊறும் போலிருக்கிறது.

2009 அக்டோபரில் அதே செடோனா அருகே ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு ஒரு முகாம் நடத்தினார். பூர்வகுடிகளின் வேர்வைக் குடில் சடங்கை நகலெடுத்து, ஒரு கூடாரத்துக்குள் ஆட்களை நெருக்கி உட்காரவைத்து, பழுத்த கற்களால் சூடேற்றினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 2011இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். அந்தச் சடங்குக்கு உரிய சமூகங்களில் யார் நடத்தலாம், எப்போது நிறுத்த வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. ‘எனர்ஜி’க்காக வாங்கி வந்தபோது வெப்பம் மட்டும் வந்தது, கட்டுப்பாடு வரவில்லை.

4

நம்முடைய பாலைவனத்துக்கு வருவோம். ஆவடிக்கு ராஜஸ்தான் மணல் அந்நியமானதில்லை. இங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அப்புறம் அஜேயா, அர்ஜுன். அர்ஜுனை வடிவமைத்ததும் ஆவடியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்தான். இவை ஓடிக் காட்ட வேண்டியது தார்ப் பாலைவனத்தில். 2010இல் அர்ஜுனையும் டி-90ஐயும் ஒப்பிட்டுப் பார்த்த சோதனையும் ராஜஸ்தானில்தான் நடந்தது. புறநகர்த் தொழிலாளியின் உழைப்பு ஒரு பாலைவனத்துக்குப் போய்த் தன் பலத்தை நிரூபித்துவிட்டு வருகிறது.

அந்தப் பாலைவனத்தில்தான் பொக்ரான். 1974 மே 18இல் முதல் அணுவெடிப்பு. 1998 மே 11, 13 தேதிகளில் மறுபடியும். 1998 சோதனைகளுக்கு அரசு வைத்த பெயர் ‘சக்தி’. பெயரை அடுத்து விசுவ ஹிந்து பரிஷத் தரப்பிலிருந்து பொக்ரானில் சக்திக்கு ஒரு பீடம் எழுப்ப வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. வெடித்த இடத்து மணலை நாடெங்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் பேசினார்கள். கதிரியக்கம் பற்றிய கேள்வி எழுந்ததும் அந்த மண் யாத்திரைப் பேச்சு அடங்கிப்போனது. சோதனைக் களத்தை ஒட்டியுள்ள கேதோலாய் கிராமத்து மக்கள் தங்கள் ஊரில் கண்ட நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அது யாத்திரைக்குப் புறப்பட்டவர்கள் காதில் ஏறவில்லை.

பாலைவனத்தில் ஒரு புனித ஆற்றல் தலம் என்ற கற்பனையின் முழு அரசியலையும் இங்கே பார்க்கலாம். தேரியில் அள்ளுவதும் மண், பொக்ரானில் அள்ள நினைத்ததும் மண். சடங்கின் வடிவம் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் தேரி மண் அள்ளுகிறவனைத் திரும்பக் கூப்பிடும் மண். அடுத்த வருசம் வா, வரி கொடு, பங்காளியோடு பேசு என்கிறது. பொக்ரான் மணல் யாரையும் எங்கேயும் திரும்பக் கூப்பிடவில்லை. அது பரவ மட்டுமே விரும்பியது. கேதோலாய்க்காரனுக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. ‘தேசம்’ என்ற முகமற்ற ஒன்றின் ‘சக்தி’ அது. எனர்ஜி என்ற சொல்லாடல் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து நிறுவனங்களாக மாற்ற முடிவானபோது தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதையே சட்டமாக்கி, பாதுகாப்புத் துறை உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய வழி செய்தது. 2021 அக்டோபரிலிருந்து ஆவடித் தொழிற்சாலை புதிய நிறுவனம் ஒன்றின் கீழ் வந்துவிட்டது. வெடிகுண்டுக்குச் சக்தி என்று பெயர் வைக்கிறார்கள். உழைப்புச் சக்தி தன் பெயரைச் சொன்னால் சட்டம் வருகிறது. ‘சக்தி’ என்ற சொல்லை யார் எதற்குச் சூட்டலாம் என்பதும் அதிகாரம்தான்.

5

நான்காவது மொழிபெயர்ப்பு ஒன்றும் இருக்கிறது: கனிமம். தேரி மணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம். பெயிண்டுக்கு வெண்மை தரும் பொருள் அது. சிவப்பு மண்ணுக்குள் வெள்ளைச் சுவர் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 2002இல் தமிழக அரசும் டாட்டா ஸ்டீல் நிறுவனமும் இதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 2007இல் சாத்தான்குளம் வட்டாரத்தில் நிலம் எடுக்கும் முயற்சி சூடுபிடித்தபோது மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. தென்கோடிக் கடற்கரை மணலில் மோனசைட்டும் உண்டு. அதில் தோரியம். ஆகவே அது அணுசக்தித் துறையின் கவனத்துக்குரிய பொருள். தாதுமணல் அள்ளுவதற்கு 2013இல் தமிழக அரசு தடை போட வேண்டிவந்த கதை தனிக்கதை.

ஆன்மிகச் சுற்றுலாக்காரர் பார்வைக்கும் சுரங்கக்காரர் பார்வைக்கும் உறவே இல்லை என்று தோன்றலாம். ஒருவர் கண்ணை மூடித் தியானம் செய்கிறார், இன்னொருவர் துளை போட்டு மாதிரி எடுக்கிறார். ஆனால் இருவருக்கும் நிலம் ஒரு கொள்கலம், உள்ளே இருப்பதுதான் பொருட்டு. மேலே இருப்பவை பனை, உடைமரம், கருப்பட்டி காய்ச்சும் குடிசை, இடையில் வந்து நிற்கும் ஆட்கள். இவை ஒருவருக்கு இயற்கைக் காட்சி, இன்னொருவருக்கு அப்புறப்படுத்த வேண்டிய மேல்மண். அவ்வளவுதான் வித்தியாசம்.

6

நம்மிடம் பாலையைப் பற்றிய ஒரு சிந்தனை மரபு இருக்கிறது. தொல்காப்பியம் முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன் என்று நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்கிறது. பாலைக்கு அந்த இடத்தில் நிலமும் இல்லை, தெய்வமும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஒரு நிலைமை. அதற்குரிய உரிப்பொருள் பிரிவு. அந்தப் பிரிவிலும் ஒரு வகை பொருள்வயிற் பிரிவு. சம்பாதிப்பதற்காக ஊரைவிட்டுப் போவது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. டி.ஐ. சைக்கிள் அதற்கும் முன்னால், 1949இல். டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்து, ஓடி, மூடப்பட்டும் போனது. இந்தப் புறநகர்களில் குடியேறியவர்களும், அவர்களுக்கு மளிகைக்கடை வைத்தவர்களும் பொருள்வயின் பிரிந்தவர்களே. தேரியில் பனையேறிப் பிழைக்க முடியாமல் போனதும் அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம். அப்படிப் பார்த்தால் பாலை தேரியில் மட்டும் இல்லை. பிரிந்து வந்தவன் நிற்கிற இடமெல்லாம் பாலை. கல்லாவுக்கு மேல் இருக்கும் செம்மண் டப்பா ஆற்றல் சேமித்த பேட்டரி அல்ல, அறுந்துபோகவில்லை என்பதற்கான ரசீது.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை தேவை. சிறுதெய்வம் என்றாலே விடுதலை, பெருந்தெய்வம் என்றாலே ஆதிக்கம் என்று எழுதித் தள்ளிய கட்டுரைகளை நாம் நிறையவே படித்தாயிற்று. பாத்தியதை என்பது ரத்த உறவின் கணக்கு, அதாவது சாதியின் கணக்கு. வரிப்புத்தகத்தில் பெயர் இல்லாதவருக்குப் பங்கில்லை. பொதுவாகவே குலதெய்வக் கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு, பறை அடித்தவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் ரொமான்டிக் மயக்கம் தெளிந்துவிடும். பெண்ணின் நிலை இன்னும் விசித்திரம். கல்யாணம் ஆனதும் அவளுக்குக் குலதெய்வமே மாறிவிடுகிறது. அப்பா வீட்டு மண்ணில் அவளுக்கு இருந்த பாத்தியதை தாலியோடு தீர்ந்துபோகிறது.

ஆனால் அந்த மண்ணே இதற்கு எதிரான ஒரு சாட்சியையும் வைத்திருக்கிறது. தேரி உண்டானதற்கு அப்பக்கத்தில் வழங்கும் கதைகளில் ஒன்று இது: ராஜாவின் தோட்டத்து மாம்பழத்தைத் திருடியதாக ஒரு பெண்மேல் பழி விழுகிறது. தண்ணீர் மொண்டு வந்த அவள் குடத்தில் பழம் தானாக விழுந்திருந்தது. விசாரணை எதுவும் சரியாக நடக்கவில்லை, அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து செழித்த பூமி தேரியாகிறது. இந்தக் கதைப்படி தேரி மண்ணில் இருப்பது நல்ல அதிர்வு அல்ல, ஒரு அநீதியின் நினைவு. செம்மண்ணில் கால் புதைத்துத் தியானம் செய்ய வருகிறவருக்கு இந்தக் கதை உதவாது. எந்த வேன் பயணத்திலும் ‘இந்த எடத்துல ஒரு பொம்பளையை அநியாயமாக் கொன்னாங்க, அதனால வந்து நில்லுங்க’ என்று சொல்ல மாட்டார்கள். முகமற்ற எனர்ஜிக்கு முதலில் பலியாவது அவள் முகம்தான்.

ஆகவே நம்முன் உள்ள வேலை இரட்டையானது. எனர்ஜிக்காரர்களிடமிருந்து பாத்தியதையை மீட்க வேண்டும். மீட்ட பாத்தியதையைச் சாதிப் பங்காளிகளின் வரிப்புத்தகத்திலிருந்தும் மீட்க வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்தால் பண்பாட்டுக் காவலர்களின் கூட்டத்தில் போய் நிற்போம். இரண்டாவதை மட்டும் செய்தால் பழைய பகுத்தறிவுப் பாடத்தையே திரும்ப ஒப்பிப்போம், அதற்குள் லாரி வந்துவிடும்.

‘அங்க சக்தி இருக்கா இல்லையா?’ என்று யாராவது வாதத்துக்கு இழுத்தால் இழுபட வேண்டியதில்லை. அந்த மண்ணை யார் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், யாரைக் கேட்டு எடுக்க வேண்டும், எடுத்தவர் திரும்பி வருவாரா என்று கேட்போம். கைப்பிடி அள்ளுகிறவர் அடுத்த கார்த்திகைக்கு வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். லோடு அள்ளுகிறவர் திரும்பி வரவே மாட்டார்.